மூன்று கைகள் தொட்ட வண்டி

என்னுடைய மோட்டோ குட்ஸி 850 டி3 வண்டியின் முகப்பு விளக்கை முதன்முறையாகக் கழற்றியபோது, அதன் கிண்ணத்துக்குள் திணித்து வைத்திருந்த வயர்கள் அத்தனையும் என் மடியில் சரிந்து விழுந்தன. தொழிற்சாலையில் போட்ட வயர்களின் நிறம் நாற்பது ஆண்டு வெப்பத்தில் மங்கிப்போயிருந்தாலும், சர்க்யூட் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால் அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை விரலால் தொட்டுத் தொடர முடிந்தது. அவற்றுக்கு நடுவே எந்த வரைபடத்திலும் இல்லாத நான்கு நீல வயர்கள் இருந்தன. ஒன்று, வீட்டுச் சுவிட்சுப் பெட்டிக்குள் போடுகிற திருகு கனெக்டரில் போய் முடிந்தது. இன்னொன்று முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தது. அந்த டேப்பின் பசை தேன்பாகு போல ஒழுகிக் கையில் ஒட்டியது. மூன்றாவது ஹாரனுக்குப் போனது. நான்காவது வயர் எங்குமே போகவில்லை. பாதி வழியில் வெட்டுப்பட்ட அதன் நுனியில் மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்று பேச்செடுத்தாலே, எஞ்சின் அற்புதம், எலக்ட்ரிக்கல் மோசம் என்று தலையசைப்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நான்கு நீல வயர்களை இத்தாலியர்கள் யாரும் போடவில்லை. அன்று தொடங்கி இந்த வண்டியில் கண்ணில் படுகிற ஒவ்வொரு கோளாறையும் யாருடைய கை என்று கேட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வண்டியை வடிவமைத்த பொறியாளரின் கை ஒன்று; அந்த வடிவத்துக்கு ஃபியூஸும் சுவிட்சும் ரப்பரும் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய கை இரண்டாவது; எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர்களின் கை மூன்றாவது. முதல் கை செய்ததை நான் மாற்றுவதில்லை. இரண்டாவது கை செய்ததில் தயங்காமல் கைவைக்கிறேன். மூன்றாவது கை செய்ததை, எவ்வளவு நேரம் ஆனாலும், இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுகிறேன். என் பட்டறை வேலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

முதல் கையைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லியாக வேண்டும். கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில் 1921-இல் தொடங்கிய நிறுவனம் மோட்டோ குட்ஸி. ஜூலியோ சேசரே கார்கானோ வடிவமைத்த, 90 பாகைக் கோணத்தில் இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் துருத்தி நிற்கிற வி-ட்வின் எஞ்சின், 1967-இல் வி7 என்ற பெயரில் சாலைக்கு வந்தது. அதே எஞ்சினைத் தாழ்வாகவும் இறுக்கமாகவும் அணைத்துப் பிடிக்கிற சட்டத்தை லினோ டோன்டி 1971-இல் வி7 ஸ்போர்ட்டுக்காக வரைந்தார். 1975-இல் வந்த டி3-இல் இந்த இரண்டும் இருக்கின்றன: 83 மி.மீ. விட்டமும் 78 மி.மீ. வீச்சும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள், மொத்தம் 844 சி.சி., செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட். சட்டத்தின் கீழ்க்குழாய்கள் இரண்டும் போல்ட்டில் கழன்று வந்துவிடும். எஞ்சினை அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, வண்டியின் மற்ற பகுதியை அதன்மேலிருந்து தூக்கி எடுத்துவிடலாம் என்பதைப் படித்தபோது நான் நம்பவில்லை. இரண்டு பேராகச் செய்து பார்த்தபோது நம்பினேன். பழுது பார்க்கப்போகிறவனை நினைத்து வரைந்த சட்டம் அது.

அந்த நினைப்பு டேப்பட் செட் செய்யும்போது, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கிற ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யும்போது, இன்னும் நன்றாகத் தெரியும். சிலிண்டர் தலைகள் இரண்டும் முழங்காலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், பெட்ரோல் டேங்கைத் தொடாமலே வால்வு மூடிகளைத் திறந்துவிடலாம். எஞ்சின் இரவு முழுவதும் ஆறிக் கிடந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, முன்பக்கத்தில் மின்சாரம் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரின் மூடியை எடுத்து, அதற்குள் சுழலும் ரோட்டரின் நடு போல்ட்டில் ஆலன் கீயை வைத்துத் திருப்பினால் எஞ்சின் சத்தமின்றிச் சுழலும். கிளட்ச் உறையின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுள்ள ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பிடுங்கி உள்ளே டார்ச் அடித்துக்கொண்டே திருப்பினால், ஃப்ளைவீலின் விளிம்பில் வெட்டிய கோடும் அதன் பக்கத்தில் டி என்ற எழுத்தும் மெல்ல மேலே ஏறி வரும். டி என்றால் தெஸ்த்ரோ, வலது சிலிண்டர். மேலும் திருப்பினால் சினிஸ்த்ரோ என்ற இடது சிலிண்டருக்கான எஸ் வரும். கோடு நேராக நிற்கும்போது அந்தப் பக்கத்து ராக்கர்கள் இரண்டும் விரலால் ஆட்டினால் லேசாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் இன்னொரு சுற்று. டி3-க்கு இரண்டு வால்வுகளுக்கும் 0.22 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுக்கும்போது எண்ணெய் தடவிய புத்தகத் தாளுக்கு நடுவிலிருந்து இழுப்பது போன்ற பிடிப்பு இருக்க வேண்டும். லாக்நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி அளந்தே ஆக வேண்டும். மொத்தம் முக்கால் மணி நேர வேலை இது. என் வாரங்களில் மிக நிம்மதியான முக்கால் மணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கைக்கு வருகிறேன். அக்கால இத்தாலிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் டார்பிடோ ஃபியூஸ் என்பதைத்தான் போட்டார்கள்: இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் சிறு உருளை, அதன் முதுகில் ஒரு மெல்லிய உலோகப் பட்டி, இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தகடுகள் இரண்டு. புதிதாக இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. ஆண்டுகள் போகப் போகப் பித்தளையின் விறைப்பு தளர்ந்து, கூம்பின் நுனியில் பச்சை படிந்து, தொடும் இடம் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ஊசிமுனை வழியாகத்தான் முகப்பு விளக்கின் மின்சாரம் முழுவதும் போக வேண்டும். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்சு, கைப்பிடிச் சுவிட்சு ஆகிய மூன்றிலும் சேர்த்து வெறும் 0.2 ஓம் தடை ஏறியிருந்தால் போதும், 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 12 வோல்ட் 11 ஆனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். இத்தாலிய வண்டிகளின் விளக்கைப் பற்றிச் சொல்லப்படும் கேலிகளில் பாதிக்குக் காரணம் இந்த 0.2 ஓம்தான்.

இதை நான் மூன்று மாலைகளில் சரிசெய்தேன். டார்பிடோ பெட்டியை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள தட்டை ஃபியூஸ் பெட்டி ஒன்றைப் பழைய திருகுத் துளைகளிலேயே பொருத்தினேன். முகப்பு விளக்குக்கு இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக மின்சாரம் கொடுத்தேன். கைப்பிடிச் சுவிட்சு இப்போது ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி, விளக்கின் சுமை அதன்மேல் இல்லை. வண்டியின் உடல் வழியாகத் திரும்ப வேண்டிய மின்சாரத்துக்கும் சட்டத்தை நம்பாமல் தனி எர்த் வயர் போட்டேன். பெயின்ட் அடித்த சட்டத்தில் துருப்பிடித்த போல்ட் வழியாகத் திரும்புகிற மின்சாரத்தை நம்பியதால் வந்த கோளாறுகளை மட்டும் எழுதினாலே ஒரு தனிப் பதிவு தேறும்.

எலக்ட்ரிக்கலில் நான் ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. வாங்கிய சில மாதங்களில் பேட்டரி அடிக்கடி இறங்கியது. ஒரு பட்டறையில் காட்டினேன். ரோட்டர் எரிந்துவிட்டது என்றார்கள், மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள், பேட்டரி மறுபடியும் இறங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தோடு உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த வண்டியிலுள்ள போஷ் ஆல்டர்னேட்டரின் ரோட்டர் நிலைக்காந்தம் கிடையாது. சுழலத் தொடங்கும்போது அதைக் காந்தமாக்குவதற்குக் கொஞ்சம் மின்சாரம் தேவை, அந்த மின்சாரம் மீட்டருக்குப் பக்கத்திலுள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கின் பல்பு வழியாகத்தான் வருகிறது. பல்பு எரிந்துபோனால் காந்தமாக்கும் வழியும் அடைந்துவிடும். எஞ்சினை வெகுவாக முறுக்கினால் ரோட்டரில் மிச்சமிருக்கும் சிறு காந்தத்தைக் கொண்டு தானாக எழுந்துகொள்ளலாம், மெதுவாக ஓட்டினால் எழவே எழாது. சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை நான் வாங்கிய நாளிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன். ரோட்டரின் விலை எங்கே, அந்தக் குட்டி பல்பின் விலை எங்கே.

மூன்றாவது கையின் வேலைகள், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றியபோது வரிசையாக வெளிப்பட்டன. டி3-இல் ஆயில் ஃபில்டர் எஞ்சினுக்கு உள்ளே, சம்புக்குள் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் சுற்றிலுமுள்ள எல்லா போல்ட்டுகளையும் கழற்றிச் சம்பையே இறக்க வேண்டும். முந்தைய வி7-களில் வெறும் கம்பிவலை மட்டுமே இருந்தது என்பதால், உள்ளே இருந்தாலும் ஃபில்டர் என்ற ஒன்று வந்ததே முன்னேற்றம்தான். ஆனால் சோம்பல் யாரை விட்டது? ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஃபில்டரை விட்டுவைத்தவர்கள் எத்தனை பேரோ, நான் எடுத்த ஃபில்டர் ஒரு பிடி கரியைப் போலக் கனத்தது. சம்பின் கேஸ்கெட்டுக்கு இருபுறமும் யாரோ சிவப்பு சிலிக்கானைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். வெளியே பிதுங்கிய சிலிக்கான் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே பிதுங்கியது துண்டுதுண்டாக அறுந்து ஆயிலில் மிதந்து, பம்பு உறிஞ்சும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வலையிலிருந்து மண்புழுக்களைப் போன்ற ஏழு துண்டுகளை இடுக்கியால் எடுத்தேன். கேஸ்கெட்டின் இருபுறமும் சுத்தமாகவும் மேடுபள்ளமின்றியும் இருந்தால் அங்கே பசையே வேண்டாம். புதிய ஃபில்டரைக் கையால் இறுக்கி, அது அதிர்வில் தானாகக் கழன்றுவிடாதபடி ஒரு பெரிய ஹோஸ் கிளிப்பை அதன் இடுப்பில் மாட்டி, கிளிப்பின் வால் எதிலாவது முட்டி நிற்கும்படி திருப்பி வைப்பது குட்ஸிக்காரர்களின் பழைய வித்தை. ஃபில்டரை வெளியிலிருந்தே மாற்ற வசதியாகச் சம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே சேர்க்கிற அலுமினிய வளையங்களும் கிடைக்கின்றன. அவற்றால் ஆயிலின் கொள்ளளவும் கூடுகிறது. போல்ட்டில் சேர்ந்து போல்ட்டிலேயே கழன்றுவிடும் மாற்றம் என்பதால் அதில் எனக்கு மறுப்பில்லை.

முதல் கை செய்ததை மாற்ற மாட்டேன் என்றேனே, அதற்கு ஒரே விதிவிலக்கு சிலிண்டர். அந்தத் தலைமுறை குட்ஸிகளின் அலுமினியச் சிலிண்டர்களுக்குள் இரும்பு லைனர் கிடையாது. அலுமினியத்தின்மேல் நேராகக் கடினக் குரோமியம் பூசியிருந்தார்கள். எடை குறைவு, வெப்பம் விரைவாக வெளியேறும், பிஸ்டனும் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம் என்று அக்காலத்தில் அதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் இது நெடுநாள் உழைத்தது. ஓடாமல் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் நிற்கும் வண்டியில்தான் வினை. குரோமியத்திலுள்ள நுண்ணிய விரிசல் வழியாக ஈரம் இறங்கி அடியிலுள்ள அலுமினியத்தை அரிக்கிறது. மேல்பூச்சு கொப்புளமாகி, ஒருநாள் எஞ்சினைக் கிளப்பும்போது செதிலாக உரிகிறது. உரிந்த குரோமியம் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைச் சுரண்டத் தொடங்குகிறது. இதில் இன்னொரு சிக்கல் என்னவென்றால், ஆயில் வடிக்கும் போல்ட்டிலுள்ள காந்தம் இரும்புத் துகளைத்தான் பிடிக்கும். குரோமியத்தை அது கண்டுகொள்ளாது. காந்தம் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டே எஞ்சினைக் கொன்றுவிடலாம்.

ஆகவே பழைய ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்ப்பேன். என் வண்டியின் ஆயிலில் வெள்ளி ஜரிகை போல மினுமினுப்புத் தெரிந்தது. பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தபோது, இடது சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் நகத்தளவு இடத்தில் பூச்சு போயிருந்தது. குரோமியச் சிலிண்டரை உள்ளே குடைந்து பெரிதாக்க முடியாது. பழுதான பூச்சை நீக்கி மறுபூச்சு போட வேண்டும், அல்லது நிகாசில் பூசிய புதிய சிலிண்டர்களையும் அவற்றுக்குரிய பிஸ்டன்களையும் ஜோடியாக வாங்க வேண்டும். நிகாசில் என்பது நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பதித்த பூச்சு; குட்ஸியே பிற்காலத்தில் இதற்குத்தான் மாறியது. நான் வாங்கியது அதே மாண்டெல்லோவைச் சேர்ந்த ஜிலார்டோனி சிலிண்டர்களை. விலையைக் கேட்டதும் இரண்டு வாரம் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய குட்ஸி வாங்கப் போகிறவர்கள், சிலிண்டரை மாற்றிய ரசீது இருக்கிறதா என்பதைப் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

கார்புரேட்டரில்தான் இந்த மூன்று கைகளும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. டி3-இல் இருப்பவை டெல்லோர்டோ விஎச்பி 30, சதுர ஸ்லைடு கொண்டவை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காற்று ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே நிறுவனத்தின் லெ மான்ஸ் வண்டியில் இருப்பதைப் போலத் திறந்த உலோகக் கூம்புகளை மாட்டியிருந்தார். கூம்பு மாட்டியதும் காற்று கூடியிருக்கும், வண்டி விக்கியிருக்கும், அதற்காகப் பெட்ரோலை அளந்து விடுகிற துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டிருக்கிறார். கால்வாசி ஆக்ஸிலேட்டரில் புகை வந்திருக்கும், அதற்காக ஊசியை இறக்கியிருக்கிறார். ஒரு தவறைச் சமாளிக்க இன்னொன்று, அதைச் சமாளிக்க மற்றொன்று. எனவே ஜெட் எண்களை எல்லாம் குறித்துக்கொண்டு, அத்தனையையும் கழற்றி, தொழிற்சாலைக் கையேட்டில் உள்ள அளவுக்கே முதலில் திரும்பினேன். அதற்குப் பிறகும் நடு வேகத்தில் பெட்ரோல் அதிகமாகவே போனது.

காரணம் ஊசி ஜெட்டின் தேய்மானம். ஊசி அதிர்ந்து அதிர்ந்து ஜெட்டின் துளையை நீள்வட்டமாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்வு எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும். துளை 2.65 மி.மீ., அதற்குள் நிற்கும் ஊசியின் தண்டு 2.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஏறுவது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய வளையத்தின் வழியாக. துளை 0.02 மி.மீ. மட்டும் தேய்ந்து 2.67 ஆனால், அந்த வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடிவிடுகிறது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத தேய்வுக்கு ஏழில் ஒரு பங்கு கூடுதல் பெட்ரோல். புதிய ஊசியும் புதிய ஊசி ஜெட்டும் போட்டு, வாக்குவம் கேஜ் வைத்து இரண்டு கார்புரேட்டர்களையும் சமன்செய்ததும், பெரிய ஜெட் தேடி யாரும் அலைந்திருக்கத் தேவையில்லை என்பது தெரிந்தது. காற்று ஃபில்டர் பெட்டியைப் பழைய சாமான்களில் தேடிப்பிடிக்க மட்டும் ஐந்து மாதம் ஆனது. தூசு நுழைந்து சிலிண்டரைத் தேய்ப்பதைவிட அந்த ஐந்து மாதம் மலிவு.

பந்தயத் தோற்றத்தின்மீது இவ்வளவு மோகம் எதனால் என்று கேட்டால், இன்னொரு இத்தாலிய நிறுவனமான டுகாட்டியின் பக்கமும் பார்க்க வேண்டும். 1972 ஏப்ரல் 23 அன்று இமோலா 200 போட்டியில் பால் ஸ்மார்ட் முதலாவதாகவும் புரூனோ ஸ்பஜியாரி இரண்டாவதாகவும் வந்தார்கள். அவர்கள் ஓட்டியவை டுகாட்டியின் சாலை வண்டியான 750-இலிருந்து உருவாக்கப்பட்டவை. சாலை வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் இடையே மெல்லிய திரைதான் இருக்கிறது, ஸ்பேனர் வைத்திருக்கும் எவரும் அதை விலக்கிவிடலாம் என்ற எண்ணம் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தல்யோனியின் டெஸ்மோ அமைப்பை ஒருமுறை நேரில் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் கொஞ்சம் அடங்கும். சாதாரண எஞ்சினில் வால்வைக் கேம் திறக்கும், ஸ்பிரிங் மூடும். டெஸ்மோவில் திறப்பதற்கு ஒரு ராக்கர், மூடுவதற்கு இன்னொரு ராக்கர். நண்பர் ஒருவரின் 900 எஸ்எஸ்-க்கு உதவியாளாக உட்கார்ந்திருந்த இரண்டு நாட்களில் நான் கற்றது இது: ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என இரண்டு அளவுகள்; இரண்டையும் ஷிம் எனும் அளவுத் துண்டை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும்; மூடும் ஷிம்மை வால்வுத் தண்டில் பிடித்து நிறுத்துபவை அரைவட்டக் கம்பி வளையங்கள் இரண்டு. விரல்நகத்தில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும் அளவுக்குச் சிறியவை அவை. புதிதாகப் போட்ட வளையங்கள் சில நூறு கிலோமீட்டரில் பள்ளத்தில் படிந்து உட்காரும்போது அளவு மாறிவிடும் என்பதால், மறுபடி திறந்து மறுபடி அளக்க வேண்டும். நண்பர் இதைத் தியானம் என்கிறார். எனக்கு 0.22 போதும்.

1979-இல் வந்த பாந்தா தொடங்கி டுகாட்டி கேமைப் பல்லுள்ள பெல்ட்டால் ஓட்டியது. அந்த வண்டிகளில் வேறெதை ஒத்திப்போட்டாலும் பெல்ட்டை ஒத்திப்போடக்கூடாது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும், அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஃபிராங்கோ லம்பர்தினி வடிவமைத்த மோட்டோ மொரினி 3½ வண்டியின் கேமுக்கும் பெல்ட்தான். லவர்டா என்ற இத்தாலிய நிறுவனம் தன் 750 ஒன்றுக்கு சூப்பர் ஃப்ரேனி, அதாவது மேலான பிரேக், என்பதைச் சுருக்கி எஸ்எஃப் என்று பெயரே வைத்தது. அந்த டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிரேக் என்றதும் என் வண்டிக்கே திரும்புகிறேன். டி3-இன் பெயரிலுள்ள மூன்று, மூன்று டிஸ்க்குகளைக் குறிக்கிறது. கால் பெடலை மிதித்தால் பின் டிஸ்க்கும் முன்புறத்து டிஸ்க் ஒன்றும் சேர்ந்து பிடிக்கும். கைப்பிடி மற்றொரு முன் டிஸ்க்கை மட்டும் பிடிக்கும். இந்த இணைப்பைப் பிரித்து வழக்கமான முறைக்கு மாற்றுபவர்கள் நிறைய. நானும் அந்த எண்ணத்தோடுதான் தொடங்கினேன். பெடல் மெத்தை போல அமுங்கியதால் அமைப்பே தவறு என்று முடிவு கட்டியிருந்தேன். உண்மையில் பெடலிலிருந்து முன்சக்கரம் வரை ஏறி இறங்கும் நீளமான குழாயில் காற்றுக் குமிழி தங்கியிருந்தது; நாற்பது வயது ரப்பர் ஹோஸும் அழுத்தத்தில் ஊதிக்கொண்டிருந்தது. எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் மாற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற முன் காலிபரைக் கழற்றி உயரத்தில் ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் காற்றை எடுத்ததும் பெடல் கல்லாக நின்றது. ஈரச் சாலையில் பெடலை மட்டும் மிதித்து வண்டி நேராக நிற்பதைப் பார்த்த பிறகு இணைப்பைப் பிரிக்கும் பேச்சையே விட்டுவிட்டேன். வார்ப்பிரும்பு டிஸ்க்குகள் கழுவிய மறுநாளே செம்பழுப்பாகத் துருப்பிடிக்கும். முதல் இரண்டு பிரேக்கில் அது போய்விடும். அதற்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் டிஸ்க் போட வேண்டியதில்லை.

முன் ஃபோர்க்கில் நிலைமை வேறு. டி3-இன் ஃபோர்க்குக்குள் அதிர்வை அடக்கும் டாம்பர் மூடி முத்திரையிட்ட தனி உருளை. சுற்றிலுமுள்ள ஆயில் பெரும்பாலும் உராய்வைக் குறைக்கத்தான். டாம்பர் செத்துவிட்டால் எவ்வளவு தடித்த ஆயில் ஊற்றினாலும் பயனில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கியர் ஆயில் ஊற்றிப் பார்த்திருக்கிறார், வாடை காட்டிக்கொடுத்தது. அந்த உருளைகளை மாற்றியது இந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களிலேயே ஓட்டும்போது அதிகம் தெரிகிற ஒன்று. இது இரண்டாவது கையின் கணக்கு என்பதால் மனசாட்சி உறுத்தவில்லை.

பிளக்கின் தீப்பொறிக்காக மின்சாரத்தைத் தொட்டுத் துண்டிக்கிற பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதில் மட்டும் எனக்கும் என் நண்பர்களுக்கும் ஒத்துவரவில்லை. குட்ஸியின் டிஸ்டிரிபியூட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட் இருப்பதால், இரண்டையும் ஒத்திசைப்பது எரிச்சலான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாயிண்ட் கெட்டுப்போவதற்கு முன் முனகும், திணறும், பிறகுதான் நிற்கும்; எலக்ட்ரானிக் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். முழுக்கப் பகுத்தறிவான வாதம் இது என்று நான் சொல்லவில்லை.

சட்டத்தை வெட்டுவதில் எனக்கு விவாதமே கிடையாது. கஃபே ரேசர் தோற்றத்துக்காகப் பின்பக்க வளைவை ரம்பத்தால் அறுத்த டோன்டி சட்டங்களை விற்பனைக்கு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இத்தாலியில் வரலாற்று வண்டி என்ற பதிவுச் சான்றுக்குப் போகும்போது அசல் தன்மையைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், வயர் பிழையென்றால் மறுபடி இழுக்கலாம், ஜெட் பிழையென்றால் மறுபடி மாற்றலாம்; அறுத்த குழாய் அறுத்ததுதான்.

பெட்ரோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எழுபதுகளின் சில டுகாட்டிகளில் ஃபைபர்கிளாஸ் டேங்க் இருந்தது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அதன் ரெசினைக் கரைத்து, அந்தப் பிசினை வால்விலும் கார்புரேட்டரிலும் கொண்டுபோய்ப் படியவைக்கும். இரும்பு டேங்க் உள்ள என் வண்டியில் அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் மிதவைக் கிண்ணங்களை வடித்துவிடுகிறேன். ஈரத்தை உறிஞ்சும் எத்தனால் அடியில் நின்றுவிட்டால், கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியாக அரிப்புப் பூக்கும்.

கழற்றிய எதையும் நான் எறிவதில்லை. டார்பிடோ ஃபியூஸ் பெட்டி, பழைய டாம்பர் உருளைகள், குரோமியம் உரிந்த சிலிண்டர்கள் எல்லாம் ஒரு மரப்பெட்டியில், எந்தத் தேதியில் எந்த கிலோமீட்டரில் கழற்றினேன் என்ற சீட்டோடு இருக்கின்றன. அந்த நான்கு நீல வயர்களும் அதே பெட்டியில்தான் கிடக்கின்றன. எங்கும் போகாத அந்த நான்காவது வயர் எதற்காக இழுக்கப்பட்டது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த வாரம் பின்சக்கரத்தைக் கழற்றியிருக்கிறேன். ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் பற்களில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருக்கிறது. அதைச் சுரண்டியபோது அடியில், பல்லுக்குப் பல், மாண்டெல்லோவில் வெட்டிய விளிம்பு இன்னும் கூர்மையாகவே இருந்தது.